கொல்லைக் கோழிகளும் கொள்ளைநோயும்

கெடா மாநிலத்தில் கூலிம், பாடாங் செராய், பீடோங், கோலா கெட்டில் எனத் தமிழர்கள் வாழ்ந்த தோட்டப்புறங்களில் கோழிக்கூடு இல்லாத லயத்து வீட்டைக் காண்பது அரிது. பழைய பலகை, வலைக்கம்பி, துத்தநாகத் தகரம் ஆகியவற்றைக் கொண்டு வீட்டின் பின்புறத்தில் கூடு ஒன்றை அடித்து வைத்திருப்பார்கள். காலையில் திறந்துவிட்டால் கோழிகள் இரப்பர் மரங்களுக்கிடையே மேய்ந்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் தாமாகவே திரும்பிவிடும். மீந்த சோறும் ஒரு பிடி நொய்யரிசியும் போதும். தனிச் செலவு எதுவும் இல்லை.

ஆயினும் அந்தக் கோழிகள் குடும்பத்துக்குத் தந்த பலன் பெரிது. மழை பெய்தால் பால்மரம் சீவ முடியாது. சீவாத நாளுக்குக் கூலியும் கிடைக்காது. அத்தகைய நாள்களில் இரண்டு சேவல்களை விற்றால் மளிகைக் கடைக் கடனை அடைக்கலாம். பள்ளி திறக்கும் மாதத்தில் பிள்ளைகளுக்குக் காலணி வாங்கலாம். தீபாவளிக்குக் கறி, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாறு, முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட சேவல் என எல்லாமே அந்தக் கூட்டிலிருந்துதான் வந்தன. பெண்கள் யாருக்கும் தெரியாமல் சேர்த்து வைக்கும் சிறுவாட்டுப் பணம் போன்றது அது. இன்று பல குடும்பங்கள் தோட்டத்தை விட்டுச் சுங்கை பட்டாணி, கூலிம் போன்ற நகரங்களின் வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிவிட்டன. அங்கும் இடம் கிடைக்கும் வீடுகளில் நாட்டுக்கோழி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

இத்தகைய கூட்டில் ஒருநாள் காரணம் தெரியாத நோய் நுழைந்தால் என்ன நேரும்? குடும்பம் என்ன செய்யும்? என்ன செய்ய வேண்டும்?

நோய் நுழையும் விதம்

கோழிகளைத் தாக்கும் கொள்ளைநோய் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகிறது. முதல் நாள், ஒரு கோழி மட்டும் தீவனத்துக்கு வராமல் மூலையில் ஒடுங்கி நிற்கும். இறகு சிலிர்த்திருக்கும், கண் பாதி மூடியிருக்கும். அடுத்த நாள் அதன் எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீர்போல் போகும். வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறும். சில கோழிகளுக்குச் சிறகும் காலும் செயலிழக்கும். வேறு சிலவற்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டு தலை முதுகுப்பக்கம் திரும்பிவிடும். முதல் கோழி இறப்பதற்குள் இன்னும் நான்கைந்து கோழிகள் ஒடுங்கிவிடும். தடுப்பூசி போடாத கூட்டமாக இருந்தால், ஒரு வாரத்துக்குள் பத்தில் ஒன்பது கோழிகள் மடிவதும் உண்டு.

அப்போது அண்டை அயலார் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். “கண்ணு பட்டிருச்சு,” என்பார் ஒரு பாட்டி. “பாம்பு தீண்டியிருக்கும்,” என்பார் இன்னொருவர். மஞ்சளும் சின்ன வெங்காயமும் வேப்பிலையும் அரைத்து உருட்டிக் கொடுப்பார்கள். வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கான மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. இவை அனைத்தும் அக்கறையால் செய்யப்படுபவையே. ஆனால், நோய் இன்னதென்று தெரியாத நிலையில் கொடுக்கப்படும் மருந்து, இருட்டில் எறியப்படும் கல்லைப் போன்றது.

ஒரே தோற்றம், வெவ்வேறு நோய்கள்

கோழிகள் ஒடுங்கி இறப்பதற்குக் காரணங்கள் பல. குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தென்பட்டால், அது குடலைத் தாக்கும் ஓரணு ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சலாக இருக்கலாம். கொண்டையிலும் கண்ணோரத்திலும் கொப்புளங்கள் தோன்றிக் காய்ந்து பொருக்குத் தட்டினால், அது கொசுவாலும் பரவும் கோழி அம்மை. முகம் வீங்கி, மூக்கிலிருந்து நாற்றமுள்ள சளி ஒழுகினால், அது பாக்டீரியாவால் ஏற்படும் சளி நோய். நன்றாக இருந்த கோழி திடீரெனச் செத்து விழுந்தால், அது கோழிக் காலராவாகவும் இருக்கக்கூடும். பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டர் 1879ஆம் ஆண்டு வாக்கில் ஆராய்ந்த நோய் இதுதான். நாள்பட்டு வீரியம் குன்றிய கிருமியைக் கோழிக்குச் செலுத்தினால், அது பின்னர் வரும் கொடிய கிருமியைத் தாங்கி நிற்கும் என்பதை அவர் கண்டறிந்தார். ஆய்வகத்தில் வலுக்குறைக்கப்பட்ட கிருமியைக் கொண்டு தடுப்பு மருந்து உருவாக்கும் வழி இவ்வாறு ஒரு கோழிநோயின்வழி பிறந்தது.

மேலே கூறிய பச்சைக் கழிச்சல், மூச்சுத் திணறல், முறுக்கிய கழுத்து ஆகியவை ஒன்றாகக் காணப்பட்டால் முதலில் ஐயுற வேண்டியது நியூகாசல் நோயை. இது 1926ஆம் ஆண்டு இந்தோனேசியாவின் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசல் நகரத்துக்கு அருகிலும் கண்டறியப்பட்டது. அதையடுத்து, இமயமலைப் பகுதியிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரிலும் இதே நோய் அடையாளம் காணப்பட்டது. அதனால், இந்தியாவில் இதற்கு இராணிக்கேத் நோய் என்று பெயர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ‘வெள்ளைக் கழிச்சல்’ என்பார்கள். மலாய் மொழியில் ‘சம்பார் ஆயாம்’. ‘சம்பார்’ என்றால் கொள்ளைநோய் என்று பொருள். ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் நோய் ஒன்றே.

நியூகாசல் நோய்க்குக் காரணம் ஒரு நச்சுயிரி. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவைக் கொல்லுமே தவிர நச்சுயிரியை ஒன்றும் செய்யா. ஆகவே, நோய் கண்ட பிறகு இதைக் குணப்படுத்த மருந்து இல்லை. நோயுற்ற கோழியைக் கையாளும் மனிதருக்குச் சில வேளைகளில் கண் சிவந்து எரியும். அது சில நாள்களில் தானாகவே ஆறிவிடும்.

இங்குதான் ஒரு பெரும் சிக்கல் எழுகிறது. பறவைக் காய்ச்சலின் அறிகுறிகளும் ஏறத்தாழ இவ்வாறே இருக்கும். எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் மனித உயிரையே பறிக்கக்கூடியது. ஹாங்காங்கில் 1997ஆம் ஆண்டு 18 பேரைத் தாக்கிய அந்நோய், அவர்களுள் 6 பேரைப் பலி கொண்டது. கூட்டில் மடிந்து கிடக்கும் கோழி எந்த நோயால் இறந்தது என்பதை அனுபவம் மிக்க மருத்துவராலும் கண்ணால் பார்த்து மட்டும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆய்வகம் தரும் விடை

இந்த ஐயத்தைத் தீர்க்கவே ஆய்வகங்கள் உள்ளன. மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்தால், அதிகாரிகள் வந்து இறந்த கோழியையோ நோயுற்ற கோழியின் தொண்டையிலும் எச்சவாயிலும் பஞ்சுக்குச்சியால் எடுத்த மாதிரியையோ பனிக்கட்டி இட்ட பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 1948ஆம் ஆண்டு முதல் ஈப்போவில் இயங்கிவரும் கால்நடை ஆய்வுக் கழகம் இத்துறையில் நாட்டின் முதன்மை நிலையமாகும்.

அங்கு நடைபெறும் சோதனைகளுள் ஒன்று மிகவும் சுவையானது. நச்சுயிரி உயிருள்ள அணுவுக்குள் மட்டுமே பெருகும். எனவே, ஒன்பது முதல் பதினொரு நாள் வரை அடைகாக்கப்பட்ட, கரு வளரும் முட்டைக்குள் அந்த மாதிரியை ஊசியால் செலுத்துவார்கள். சில நாள்களுக்குப் பிறகு முட்டைக்குள்ளிருக்கும் நீரை எடுத்துக் கோழியின் சிவப்பணுக்களோடு கலப்பார்கள். சிவப்பணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால், அந்த நீரில் நச்சுயிரி இருக்கிறது என அறியலாம். ஆனால், நியூகாசல் நச்சுயிரி, பறவைக் காய்ச்சல் நச்சுயிரி ஆகிய இரண்டுமே சிவப்பணுக்களை ஒட்டவைக்கும் இயல்புடையவை. அதனால், அடுத்த கட்டமாக நியூகாசல் நோய்க்குரிய எதிர்ப்பொருளை அதில் சேர்ப்பார்கள். ஒட்டுதல் நின்றுவிட்டால் அது நியூகாசல். நிற்காவிட்டால் வேறு நோயைத் தேட வேண்டும். இன்று நச்சுயிரியின் மரபணுவையே சில மணி நேரத்தில் கண்டறியும் சோதனைகளும் வந்துவிட்டன.

நோயின் பெயரைச் சரியாக அறிவது எவ்வளவு இன்றியமையாதது என்பதை மலேசியா பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1998ஆம் ஆண்டு பேராக் மாநிலத்தில் பன்றிப் பண்ணைகளை ஒட்டி மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசுவை ஒழிக்க மருந்து தெளித்தார்கள். மக்களுக்குத் தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. 1999ஆம் ஆண்டு மார்ச் மாதம், மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங் இது முற்றிலும் புதிய நச்சுயிரி என்பதைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா என்னும் ஊரின் பெயரால் அது நிப்பா எனப்பட்டது. அந்தக் கொள்ளைநோயில் மொத்தம் நோய் கண்டவர்கள் 265 பேர். மாண்டவர்கள் 105 பேர்.

கூட்டைத் திறந்தால் ஊரே பாதிக்கும்

நோய் பரவுவதில் கோழியைவிட மனிதனுக்கே பங்கு அதிகம். இறந்த கோழியை ஆற்றிலோ கால்வாயிலோ வீசினால் நோய் நீரோடு போகும். காலணியில் ஒட்டிய எச்சம், கடன் வாங்கிய கூண்டு, சந்தையிலிருந்து திரும்பி வந்த கூடை ஆகியவையும் நச்சுயிரியைச் சுமந்து செல்லும். இவற்றைவிடக் கேடானது ஒன்று உண்டு. “இதுவும் செத்துப் போவதற்குள் காசாக்கிவிடலாம்” என்று எண்ணி, பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழிகளை அவசரமாக விற்பதே அது. நியூகாசல் நச்சுயிரி உடலில் புகுந்து அறிகுறி தோன்றப் பொதுவாக ஐந்தாறு நாள்கள் ஆகும். ஆகவே, இன்று நலமாகத் தோன்றும் கோழி நாளை வாங்கியவர் வீட்டில் நோயைப் பரப்பும். விற்றவர் கையில் சில வெள்ளி மிஞ்சும். வாங்கியவர் கூடு காலியாகும்.

அப்படி விற்பவரைக் கெட்டவர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. நாள் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இருபது கோழிகளின் இழப்பு சிறியதன்று. ‘அலுவலகத்துக்குச் சொன்னால் எல்லாக் கோழிகளையும் கொன்றுவிடுவார்கள்’ என்னும் அச்சமும் வாயை அடைக்கிறது. பறவைக் காய்ச்சல் உறுதியானால் அவ்வட்டாரக் கோழிகள் அழிக்கப்படுவது உண்மையே. 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கிளந்தானின் தும்பாட் மாவட்டத்திலுள்ள பாசிர் பெக்கான் கிராமத்தில் எச்5என்1 நோய் உறுதி செய்யப்பட்டபோது அவ்வாறே நடந்தது. தாய்லாந்து எல்லை வழியாகக் கள்ளத்தனமாகக் கொண்டுவரப்பட்ட சண்டைச் சேவல்களால் நோய் நுழைந்திருக்கலாம் எனக் கருதப்பட்டது. 2006ஆம் ஆண்டில் கோலாலம்பூர் சுற்றுவட்டாரத்திலும் பேராக், பினாங்கு மாநிலங்களிலும் அந்நோய் தலைகாட்டியது. இரண்டு முறையும் விரைந்து தகவல் கிடைத்ததாலும் கோழிகள் அழிக்கப்பட்டதாலும் நோய் அடங்கியது; மனிதர் எவருக்கும் தொற்றவில்லை. தாய்லாந்தை ஒட்டிய கெடாவுக்கு இது தொலைதூரச் செய்தி அன்று.

எனவே, தகவல் கொடுப்பவர் தம் கோழிகளை இழக்க நேர்ந்தாலும் அயலார் கோழிகளையும் மனித உயிர்களையும் காக்கிறார். நோயுற்ற கால்நடையைப் பற்றித் தெரிவிப்பது வளர்ப்பவரின் கடமை என்பதை 1953ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டமும் வலியுறுத்துகிறது.

சோற்றோடு ஊட்டிய தடுப்பு மருந்து

நியூகாசல் நோயைக் குணப்படுத்த முடியாது. ஆனால், தடுக்க முடியும். பெரிய பண்ணைகள் தடுப்பு மருந்தைப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றன. கொல்லைக் கோழிகளுக்கு மட்டும் அது எட்டாக்கனியாகவே இருந்தது. காரணங்கள் தெளிவானவை. மருந்தை இரண்டு முதல் எட்டுப் பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். ஒரு குப்பியில் ஆயிரம் கோழிகளுக்கான மருந்து இருக்கும். இருபது கோழி வளர்ப்பவர் மீதியை என்ன செய்வார்? பகலெல்லாம் மேயும் கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடிப்பதும் எளிதன்று.

இச்சிக்கலுக்கு விடை காணும் முயற்சியில் மலேசியாவுக்குச் சிறப்பான பங்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நலமான கோழிகளிடம் ‘வி4’ எனப்படும் தீங்கற்ற நியூகாசல் நச்சுயிரி வகை ஒன்று 1966ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அது கோழிக்கு நோயைத் தராது. ஆனால், எதிர்ப்பாற்றலைத் தரும். 1980களில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பீட்டர் ஸ்பிராட்புரோவும், செர்டாங்கில் இருந்த மலேசிய வேளாண் பல்கலைக்கழகத்தின் ஐனி இடேரிஸ், லத்தீப் இப்ராஹிம் முதலியோரும் கூட்டாய்வில் இறங்கினர். அனைத்துலக வேளாண் ஆய்வுக்கான ஆஸ்திரேலிய மையம் அதற்கு நிதி வழங்கியது. வி4 நச்சுயிரிகளுள் வெப்பத்தைத் தாங்கி நின்றவற்றை மட்டும் தெரிந்தெடுத்துப் பெருக்கினார்கள். பிறகு அதைத் தீவனத்தின்மீது பூசிக் கோழிகளுக்குத் தூவினார்கள். கோழியைப் பிடிக்க வேண்டியதில்லை; ஊசியும் தேவையில்லை. தின்ற கோழியிடமிருந்து தின்னாத கோழிக்கும் அந்தத் தீங்கற்ற நச்சுயிரி பரவிப் பாதுகாப்பு தந்தது. அந்த மலேசிய வேளாண் பல்கலைக்கழகமே இன்று புத்ரா பல்கலைக்கழகம் எனப்படுகிறது. ஐனி இடேரிஸ் பின்னாளில் அதன் துணைவேந்தராகவும் உயர்ந்தார்.

இம்முறை பிற நாடுகளிலும் சோதிக்கப்பட்டது. எல்லாத் தீவனமும் மருந்துக்கு ஏற்றதல்ல என்பது அப்போது புலப்பட்டது. சில பச்சைத் தானியங்களில் பூசினால் நச்சுயிரி வலுவிழந்தது. வேகவைத்த அரிசியில் நன்றாக வேலை செய்தது. தீவனத்தில் கலப்பதைவிடக் கண்ணில் ஒரு சொட்டு விடுவதே உறுதியான பாதுகாப்பைத் தருகிறது என்பதும் தெரியவந்தது. ஸ்பிராட்புரோ அடுத்து உருவாக்கிய ‘ஐ-2’ என்னும் வெப்பந்தாங்கும் மருந்து வியட்நாம், தான்சானியா, மொசாம்பிக் போன்ற நாடுகளின் சிற்றூர்களைச் சென்றடைந்தது. மூங்கில் கூடையோ மண்குடிசையோ, எங்கும் வளர்க்கப்படும் சில கோழிகளைக் காப்பதற்கு நம் நாட்டு ஆய்வாளர்களின் உழைப்பும் துணைநின்றது.

கூட்டைக் காக்கும் வழிகள்

கோழி வளர்க்கும் குடும்பம் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கலாம்.

1. கோழிகள் நலமாக இருக்கும்போதே மாவட்டக் கால்நடைச் சேவை அலுவலகத்தில் கேட்டுத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டும். அவர்கள் கூறும் இடைவெளியில் மீண்டும் கொடுக்க வேண்டும்.

2. புதிதாக வாங்கிய கோழியை உடனே பழைய கூட்டத்தோடு விடக்கூடாது. இரண்டு, மூன்று வாரங்கள் தனியே அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும்.

3. ஒரு கோழி ஒடுங்கினாலும் அதைப் பிரித்து வைக்க வேண்டும். நலமான கோழிகளுக்குத் தீனி போட்ட பிறகே நோயுற்ற கோழியிடம் செல்ல வேண்டும்.

4. அடுத்தடுத்துக் கோழிகள் இறந்தால் உடனே அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இறந்த கோழியை வெறுங்கையால் தொடக்கூடாது, சமைக்கவும் கூடாது, குழந்தைகளை அருகில் விடக்கூடாது.

5. அதிகாரிகளின் அறிவுரைப்படி, கிணற்றுக்கும் ஆற்றுக்கும் எட்டத்தில் ஆழமாகக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதைக்க வேண்டும்.

6. கூட்டையும் தீவனத் தட்டையும் காலணியையும் சவர்க்கார நீரால் கழுவி வெயிலில் காயவைக்க வேண்டும். இந்நச்சுயிரியின் மேலுறை கொழுப்பால் ஆனது. சவர்க்காரம் அவ்வுறையைச் சிதைத்துவிடும்.

7. நோய் அடங்கும்வரை கோழியை விற்கவும் கூடாது. அன்பளிப்பாகக் கொடுக்கவும் கூடாது.

இவற்றுள் முதல் ஆறும் கைக்கும் மூளைக்கும் உரிய வேலைகள். ஏழாவது மனத்துக்கு உரியது. கூட்டில் எஞ்சியிருக்கும் ஏழெட்டுக் கோழிகளை விற்காமல் வைத்துக்கொள்ளும் ஏழைக் குடும்பம், தான் முகம் பார்த்திராத ஒருவரின் கூட்டையும் காக்கிறது. அத்தகைய குடும்பம் மீண்டும் கூட்டை நிரப்ப அண்டை வீட்டார் ஆளுக்கொரு பெட்டைக் குஞ்சைக் கொடுத்து உதவினால், உண்மையைச் சொல்ல யாரும் அஞ்சமாட்டார்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவது என்பது தடுப்பு மருந்துக்கு மட்டுமன்று, இந்த நம்பிக்கைக்கும் பொருந்தும்.

சிந்தித்து விடை கூறுக

1. தோட்டக் குடும்பங்களுக்குக் கொல்லைக் கோழிகள் எவ்வெவ்வகையில் உதவின?

2. நியூகாசல் நோயையும் பறவைக் காய்ச்சலையும் ஆய்வகத்தில் எவ்வாறு வேறுபடுத்துகிறார்கள்? படிமுறையாக விளக்குக.

3. நிப்பா நோயைப் பற்றிய செய்தி இக்கட்டுரையில் ஏன் சேர்க்கப்பட்டுள்ளது?

4. கொல்லைக் கோழிகளுக்குப் பண்ணைத் தடுப்பு மருந்து பயன்படாமல் போனதற்கான மூன்று காரணங்களைக் குறிப்பிடுக.

5. உன் அண்டை வீட்டார் நோய் பரவிய கூட்டிலிருந்து கோழிகளை அவசரமாக விற்க முனைகிறார். அவர் மனம் நோகாமல் நீ எவ்வாறு எடுத்துரைப்பாய்? உரையாடலாக எழுதுக.